கப்பலை முதுகுல சுமந்த ஒட்டகம்: 'ஸ்கேப்ஸ்கமேல்'ங்கிற டச்சு வார்த்தை வந்த கதை

கேள்வி இதுதானே: பழைய டச்சுக் கப்பல் குறிப்பு ஒன்னோட மொழிபெயர்ப்பை படிச்சீங்க, அதுல "கப்பலை ஒட்டகங்கள்ல ஏத்தி பாம்புஸை தாண்ட வச்சாங்க"ன்னு வருது (பாம்புஸ்ங்கிறது ஆம்ஸ்டர்டாம் பக்கத்துல இருந்த ஒரு மணல் திட்டு). மூலத்துல 'ஸ்கேப்ஸ்கமேல்'னு ஒரே வார்த்தையா இருக்கு. ஒட்டகத்தை பாலைவனக் கப்பல்னு சொல்றோமே அதையே திருப்பிப் போட்டாங்களா, இல்ல பைபிள்ல ஊசிக் காதுக்குள்ள நுழையுற ஒட்டகம் நிஜத்துல கப்பல் கயிறுன்னு சொல்றாங்களே அந்தக் கயிறா, இதானே சந்தேகம்?

ரெண்டு யூகமும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டும் தப்பு. அது ஆழம் இல்லாத இடத்துல கப்பலை தூக்கி விடுற ஒரு மிதவை. நான் கப்பல் ரிப்பேர் வேலையில ரொம்ப வருஷம் இருந்தவன், அதுல கொஞ்ச காலம் ராட்டர்டாம்ல ஓடுச்சு, அங்க கத்துக்கிட்ட அரைகுறை டச்சுதான் என்கிட்ட இருக்கு, இருந்தாலும் இந்த வார்த்தை எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை, அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

முதல்ல வார்த்தையை பிரிச்சிடலாம். டச்சுல 'ஸ்கிப்'னா கப்பல், 'கமேல்'னா ஒட்டகம். ரெண்டையும் சேர்க்கும்போது ஸ்கிப் அப்படியே நிக்காம 'ஸ்கேப்ஸ்'னு மாறிடுது. இது நமக்கு ஒன்னும் புதுசில்ல, மாடு பால்னு நாம சொல்றதில்ல, மாட்டுப்பால்னு சொல்றோம், வீடு வேலை வீட்டு வேலை ஆகுது, அதே மாதிரிதான். இன்னொரு ஒத்துமையும் இருக்கு, டச்சுக் கூட்டுச்சொல்லுலயும் கடைசியில வர்றதுதான் தலை. மாட்டுப்பால்னா பால், பால்மாடுன்னா மாடு. அப்ப ஸ்கேப்ஸ்கமேல்னா அது ஒருவகை ஒட்டகம், கப்பலுக்கான ஒட்டகம். டச்சுக்காரங்களும் ஒட்டகத்தை பாலைவனத்தோட கப்பல்னு சொல்றது உண்டுதான், ஆனா அதுல தலை கப்பல். அங்க ஒட்டகம் கப்பல் மாதிரி, இங்க என்னமோ ஒரு சாமான் ஒட்டகம் மாதிரி. அதனால உங்க முதல் யூகம் இலக்கணத்துலயே அடிபட்டுப் போகுது.

டச்சுக் கூட்டுச்சொல் என்னத்த கண்டோம்னு நினைக்காதீங்க, நாம தினமும் ஒன்னை சொல்லிட்டுத்தான் இருந்தோம். கக்கூஸ்! 'கக்'னா மலம், 'ஹௌஸ்'னா வீடு, அதாவது பீ வீடு. இலங்கைக்காரங்க சொல்ற கந்தோரும் அங்கேருந்து வந்ததுதான், நம்ம துட்டும் 'டொய்ட்'ங்கிற டச்சுக் காசுதான்.

சரி, அந்த சாமான் என்ன? அதுக்கு ஆம்ஸ்டர்டாமோட தலைவலி என்னன்னு தெரியணும். 17ஆம் நூற்றாண்டுல உலகத்துலயே பணக்காரத் துறைமுகம்னா அதுதான், ஆனா அது இருந்த இடம் துறைமுகத்துக்கு லாயக்கான இடமே இல்ல. ஊருக்கு வடக்க ஒரு நீர்ப்பரப்பு, அது கிழக்க போயி ஸொய்டர்சேங்கிற உள்கடல்ல சேரும், சேர்ற இடத்துல சேறும் மணலுமா ஒரு பெரிய திட்டு, அதுக்குப் பேர்தான் பாம்புஸ். நம்ம பாம்பனுக்கும் இதுக்கும் வார்த்தையில சம்பந்தம் இல்ல, ஆழம் இல்லாம மாலுமிங்களை அழ வச்சதுல வேணா சொந்தம் கொண்டாடலாம். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு கப்பல் பெருசாயிட்டே போச்சு, கப்பலோட அடி தண்ணிக்குள்ள பதினஞ்சு அடி போல இறங்கி நிக்கும், பாம்புஸ்ல அவ்வளவு தண்ணி கிடையாது. அதனால கம்பெனிக் கப்பல் ஊருக்குள்ள சரக்கே ஏத்தாது. யார்டுல கட்டின கப்பலை வெறும் கூடா வெளிய கொண்டுபோவாங்க, வடக்க டெஸ்ஸல் தீவு பக்கத்துல நங்கூரம் போடுவாங்க, சரக்கு, பீரங்கி, குடிதண்ணி எல்லாம் சின்ன படகுல போயி அங்க ஏறும். திரும்பி வரும்போதும் அதே கதைதான், சாமானை எல்லாம் அங்க இறக்கிட்டுத்தான் வரணும். அப்படி காலியா வந்தாகூட பாம்புஸ்ல இடிக்கும், காத்தும் தண்ணி மட்டமும் தோதா வர்ற வரைக்கும் கப்பல்ங்க வரிசையா அங்கயே படுத்துக் கிடக்கும். இன்னிக்கும் ஒருத்தன் அசந்து அடிச்சுப்போட்ட மாதிரி கிடந்தா "பாம்புஸுக்கு முன்னாடி கிடக்கான்"னு டச்சுல சொல்லுவாங்க, குடிச்சிட்டு விழுந்து கிடக்கறவனுக்கும் அதேதான்.

நாகப்பட்டினத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வந்த டச்சுக் கப்பல்கள்ல ஆம்ஸ்டர்டாம்ல கட்டினது எல்லாம் இந்தத் திட்டை தாண்டித்தான் வந்திருக்கணும், வேற வழியே கிடையாது.

முதல்ல என்ன பண்ணாங்கன்னா, பெரிய பெரிய மரப்பெட்டிகளை தண்ணி நிரப்பி கப்பலோட பக்கத்துல கட்டுவாங்க, கட்டினப்புறம் தண்ணியை இறைச்சு விட்டா பெட்டி மேல எழும்பப் பார்க்கும், கூடவே கப்பலும் கொஞ்சம் எழும்பும். 1672ல இங்கிலாந்தோட சண்டை நடந்தப்ப போர்க்கப்பலை இப்படித்தான் பாம்புஸை தாண்ட வச்சதா சொல்றாங்க. பெட்டி சதுரம், கப்பல் வயிறு உருண்டை, எப்படி ஒழுங்கா ஒட்டும்? கயித்துல பாரம் ஒரு பக்கமா விழும், கட்டு நழுவும். 1690 வாக்குல ஆம்ஸ்டர்டாம்ல மேவிஸ் மெய்ன்டெர்ட்ஸ் பாக்கர்னு ஒருத்தர் இதை திருத்தினார் (பாக்கர்னா ரொட்டி சுடுறவர், இவர் சுட்டாரான்னு கேக்காதீங்க, அது குடும்பப் பேரு). பெட்டிக்குப் பதிலா கப்பல் நீளத்துக்கு ரெண்டு நீளமான மிதவை. வெளிப்பக்கம் நேரா இருக்கும், உள்பக்கம் கப்பல் வயித்துக்கு ஏத்த மாதிரி குழிவா செதுக்கி இருக்கும். ரெண்டையும் ரெண்டு பக்கமும் கொண்டாந்து வச்சா கப்பலை ரெண்டு உள்ளங்கையில ஏந்தின மாதிரி இருக்கும்.

வேலை நடக்குற விதத்தை கொஞ்சம் நிதானமா பாருங்க, ஏன்னா பேரோட ரகசியமே இதுக்குள்ளதான் இருக்கு. மிதவைக்குள்ள அறை அறையா தடுத்திருப்பாங்க. அடைப்பை திறந்தா தண்ணி உள்ள வரும், மிதவை மெல்ல மெல்ல தாழ்ந்து தண்ணி மட்டத்துக்குக் கிட்ட போயிடும். அந்த நிலைமையில கப்பலுக்குப் பக்கத்துல இழுத்துட்டு வந்து, ஒரு மிதவையிலேருந்து தடிமனான கயிறுங்களை கப்பலோட ஏராவுக்கு, அதாவது அடிமரத்துக்கு, அடியில விட்டு அடுத்த மிதவைக்கு எடுப்பாங்க, ஒன்னு ரெண்டு கயிறு இல்ல, முன்பக்கத்துலேருந்து பின்பக்கம் வரைக்கும் வரிசையா. மிதவை மேல கயிறு சுத்துற உருளைங்க இருக்கும், ஆளுங்க நின்னு கம்பியை போட்டு சுத்தி கயித்தை விறைப்பா இழுத்துக் கட்டுவாங்க. இப்ப அடைப்பை மூடிட்டு கைப்பம்பை வச்சு தண்ணியை வெளிய இறைக்கணும், பம்பு அடிக்க அடிக்க மிதவை எழும்பும், கயிறு முறுக்கேறி முனகும், கப்பலும் கூடவே எழும்பும். பதினஞ்சு அடி ஆழம் கேட்ட கப்பல் பதினொரு அடியில மிதக்கும். அது போதும்.

கணக்கு போட்டுப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். அந்தக் காலத்து பெரிய ஒட்டகம் ஒன்னு 127 அடி நீளம், அகலம் ஒரு முனையில 22 அடி, இன்னொரு முனையில 13 அடின்னு பழைய அளவு சொல்லுது. மீட்டர்ல பார்த்தா கிட்டத்தட்ட 39 மீட்டர் நீளம், சராசரி அகலம் அஞ்சு மீட்டருக்கு கொஞ்சம் மேல. உள்ள இருக்குற தண்ணியை ஒரு மீட்டர் ஆழத்துக்கு இறைச்சா 200 டன், ஜோடிக்கு 400 டன், உள்பக்கக் குழிவை கழிச்சா கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கிரேன் இல்ல, ஸ்டீம் இல்ல, மரப்பெட்டியும் பம்பும் கயிறும்தான்!

அப்புறம் இழுக்கணுமே. ஒட்டகத்துல ஏறின கப்பல் தானா பாய் விரிச்சுப் போகாது, மார்க்கன் தீவுப் பக்கத்து மீன்பிடிக் கப்பல்ங்க வந்து முன்னாடி கயிறு கட்டி இழுத்துட்டுப் போகும், 'வாட்டர்ஸ்கிப்'னு பேரு, அதாவது தண்ணிக் கப்பல். பிடிச்ச மீனை உயிரோட வச்சுக்க நடுவுல தண்ணி நிரப்பின அறை இருந்ததால அந்தப் பேரு. கப்பல்னாலே தண்ணியிலதான போகும், அது என்ன தண்ணிக் கப்பல்னு எனக்கு ரொம்ப நாள் குழப்பம்.

இப்ப பேருக்கு வருவோம். அகராதிங்க சுருக்கமா சொல்றது என்னன்னா, பெரிய சுமையை தூக்குற மிருகம்ங்கிறதால உவமையா வச்ச பேருன்னு. சரிதான். ஆனா சுமை தூக்குறதுன்னா கழுதை, மாடு, யானை எல்லாம்தான் தூக்குது, அப்புறம் ஏன் ஒட்டகம்? இதுல என் அபிப்ராயத்தை சொல்றேன், ஒட்டகத்துக்கு சுமை ஏத்துறதை பார்த்திருந்தா உங்களுக்கும் சட்டுனு புரிஞ்சிடும். ஒட்டகம் நின்னுட்டே சுமை வாங்காது, முட்டி போட்டு தரையோட தரையா உக்காரும், சுமையை கட்டினப்புறம்தான் ஆடி அசைஞ்சு எழுந்திரிக்கும். இந்த மிதவை பண்றது அச்சு அசல் அதேதான். தாழும், கட்ட விடும், எழும்பும். கழுதை அப்படி உக்காராதே. போதாக்குறைக்கு கப்பலுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டகம் எழும்பி நிக்கறதை தூரத்துலேருந்து பார்த்தா ரெண்டு திமில் மாதிரி தெரியும், அதையும் காரணமா நினைச்சுப் பார்க்கலாம், ஆனா எனக்கு அந்த மண்டி போடுறதுதான் முக்கியமா படுது.

சில பேர் இன்னொன்னு சொல்லுவாங்க, ஒட்டகம் தண்ணியை குடிச்சு வயித்துல சேத்து வைக்கும், இந்த மிதவையும் தண்ணி குடிக்குது, அதனால அந்தப் பேருன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணி குடிச்ச மிதவை எதையும் தூக்காது, தண்ணியை கக்கினப்புறம்தான் தூக்கும். அதோட திமில்ல இருக்கறது கொழுப்பு, தண்ணி இல்ல.

உபகரணத்துக்கு மிருகத்தோட பேரை வைக்கிறது டச்சுக்காரங்களுக்கு கை வந்த கலை. ஓவியர் படத்தை சாத்தி வைக்கிற முக்காலி ஸ்டாண்டுக்கு அவங்க பேரு 'ஏஸல்', கழுதைன்னு அர்த்தம், இங்கிலீஷ்ல ஈஸல்னு சொல்றது இதேதான். பாரம் தூக்குற கிரேன் அவங்களுக்கு 'க்ரான்', கொக்கு மாதிரி கழுத்து நீண்ட பறவையோட பேரு. துறைமுகத்துல மிதந்துக்கிட்டே பாரம் தூக்குற ராட்சச கிரேனுக்குப் பேரு 'மிதக்குற ஆட்டுக்கடா'. நாமளும் லேசுப்பட்டவங்க இல்ல, வீணையில தந்தியை தாங்குறதை குதிரைன்னுதான சொல்றோம். அதனால ஆம்ஸ்டர்டாம் யார்டு ஆளுங்க புது மிதவையை பார்த்து ஒட்டகம்னு பேர் வச்சதுல பெரிய கவித்துவம் எல்லாம் தேட வேணாம், அது அவங்களுக்கு அன்றாடப் பழக்கம்.

இப்ப உங்க ரெண்டாவது யூகம், கயிறு. கிரேக்கத்துல ஒட்டகத்துக்கு 'கமேலோஸ்', கப்பல் வடக்கயித்துக்கு 'கமிலோஸ்'னு ஒரு வார்த்தை, ரெண்டும் ஒரே ஒரு எழுத்துலதான் வித்தியாசம். ஊசிக் காது வசனத்துல இருக்கறது ஒட்டகம் இல்ல, வடம்னு 5ஆம் நூற்றாண்டுலயே அலெக்சாண்டிரியா சிரில் மாதிரி ஆளுங்க சொல்லி இருக்காங்க. குர்ஆன்ல ஏழாவது அத்தியாயத்துலயும் ஊசிக் காதும் ஒட்டகமும் வருது, அங்கயும் 'ஜமல்'ங்கிறதை 'ஜும்மல்'னு வாசிச்சா கப்பல் வடம்னு அர்த்தம் வரும், அப்படி ஒரு வாசிப்பும் உண்டு. ஆனா ரெண்டு இடத்துலயும் பெரும்பாலானவங்க ஒட்டகம்னுதான் எடுத்துக்கறாங்க. டச்சு 'கமேல்' லத்தீன் வழியா கிரேக்க கமேலோஸ்லேருந்து வந்தது, அது செமிட்டிக் மொழிகள்லேருந்து, ஹீப்ரு 'காமால்', அரபி 'ஜமல்' எல்லாம் ஒரே குடும்பம். வடத்துக்கு டச்சுக்காரங்க வச்சிருந்தது 'காபல்'ங்கிற வேற வார்த்தை, இங்கிலீஷ் கேபிள் மாதிரி. அதனால இந்த சாமான்ல கயிறு நிறைய இருந்தாலும் பேர்ல கயிறு இல்ல.

ஆனா எனக்கு இந்த வார்த்தையில உண்மையான சுவாரசியம், அது ஹாலண்டை விட்டு வெளிய போனப்புறம் என்ன ஆச்சுங்கிறதுதான். பிரெஞ்சுக்காரங்க அர்த்தத்தை எடுத்துக்கிட்டாங்க, அவங்க மொழியில ஒட்டகத்துக்கு இருக்கற 'ஷமோ'வையே மிதவைக்கும் வச்சுட்டாங்க. இங்கிலீஷ்காரங்களுக்கு சிரமமே இல்ல, கேமல்னு ஏற்கனவே இருந்துச்சு. ரஷ்யாவுலதான் வேடிக்கை. ஜார் மகா பீட்டர் 1697ல ஆம்ஸ்டர்டாம் வந்து கிழக்கிந்தியக் கம்பெனி யார்டுல தச்சு வேலையே பார்த்தார்னு எல்லாருக்கும் தெரியும், அவர் காலத்துல டச்சுக் கப்பல் வார்த்தைங்க கூடை கூடையா ரஷ்ய மொழிக்குள்ள போச்சு. அப்புறம் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்னு ஊர் கட்டினார் பாருங்க, அங்க பாம்புஸ் பிரச்சினையே திரும்ப வந்துச்சு. நேவா ஆத்துல கப்பல் கட்டுறாங்க, முகத்துவாரத்துல மணல் திட்டு, கடற்படை நிக்கறது அதைத் தாண்டி க்ரோன்ஸ்டாட்ல. அங்கயும் டச்சு ஒட்டகம் வந்து இறங்குச்சு, பேரும் அப்படியே 'கமேல்'னு வந்துச்சு. ரஷ்ய மொழியில ஒட்டகத்துக்கு 'வெர்ப்ல்யூத்'னு வேற வார்த்தை இருக்கே, அதனால கமேல்னா அவங்களுக்கு மிருகமே இல்ல, வெறும் கப்பல் தூக்கி மட்டும்தான். ஹாலண்ட்ல உவமையா பொறந்த வார்த்தை அங்க போனதும் உவமையை கழட்டிப் போட்டுடுச்சு. இதுல இன்னொரு கூத்து, அந்த 'வெர்ப்ல்யூத்' இருக்கே, அதோட மூலம் பழைய ஜெர்மானிய மொழி வழியா தேடிப் போனா யானையோட பேர்ல போயி நிக்குது! எப்பவோ யாரோ யானையையும் ஒட்டகத்தையும் கண்ணால பாக்காம பேரை மாத்திப் போட்டிருக்காங்க.

அமெரிக்காவுக்கும் போச்சு. 1813 ஆகஸ்டுல ஈரி ஏரியில பெர்ரிங்கிற கமாண்டர் புதுசா கட்டின ரெண்டு பெரிய கப்பலை, லாரன்ஸ், நயாகரா, திட்டைத் தாண்டி வெளிய எடுக்க ஒட்டகம்தான் உதவுச்சு. பீரங்கியை எல்லாம் கழட்டி கரையில வச்சுட்டு நாள் கணக்கா மல்லுக்கட்டி எடுத்தாங்க, அடுத்த மாசமே அந்த ஏரிச் சண்டையில பிரிட்டிஷ்காரங்களை ஜெயிச்சாங்க. அப்புறம் திமிங்கல வேட்டைக்கு பேர் போன நான்டக்கெட் தீவு, அங்கயும் துறைமுக வாசல்ல மணல், 1842ல பீட்டர் ஃபோல்ஜர் யூவர்னு ஒருத்தர் ஒட்டகம் கட்டினார், முதல் தடவை சங்கிலி அறுந்து மானம் போச்சு, அப்புறம் சரி பண்ணி கொஞ்ச வருஷம் ஓட்டினாங்க.

ஆபிரகாம் லிங்கனையும் இதுல சேர்க்கணும். ஜனாதிபதி ஆகுறதுக்கு முன்னாடி 1849 மே 22ஆம் தேதி அவர் ஒரு பேட்டன்ட் வாங்கினார், நம்பர் 6469, திட்டுல மாட்டுற படகுக்கு பக்கத்துல காத்துப் பை மாதிரி அறைங்களை வச்சு ஊதி தூக்குறது. அமெரிக்க ஜனாதிபதிகள்லயே பேட்டன்ட் வச்சிருந்த ஒரே ஆள் அவர்தான். யோசனை அப்பட்டமா நம்ம ஒட்டகம்தான், மரத்துக்குப் பதிலா மடிக்கிற துணி, அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா நிஜத்துல யாரும் கட்டி ஓட்டல.

பொறந்த ஊர்ல ஒட்டகத்துக்கு கேடு வந்தது கால்வாயால. முதலாம் வில்லெம் ராஜா காலத்துல 1819ல தோண்ட ஆரம்பிச்சு 1824ல ஆம்ஸ்டர்டாம்லேருந்து வடக்க டென் ஹெல்டர் வரைக்கும் கிட்டத்தட்ட 80 கிலோமீட்டருக்கு கால்வாய் வெட்டிட்டாங்க, கப்பல்ங்க பாம்புஸ் பக்கமே போக வேண்டிய அவசியம் இல்லாம போச்சு. அந்த இடத்துல பிற்பாடு ஒரு செயற்கைத் தீவு போட்டு கோட்டை கட்டினாங்க, இப்ப ஆம்ஸ்டர்டாம்லேருந்து படகுல டூரிஸ்டுங்க போறாங்க.

அதனால நீங்க மொழிபெயர்க்கிறதா இருந்தா, பழைய குறிப்புல தனியா 'கமேல்'னு வந்தாலும் கப்பல், பாம்புஸ், கயிறுன்னு பக்கத்துல ஏதாவது இருந்தா அது மிதவைதான். தமிழ்ல 'ஒட்டக மிதவை'ன்னு போடலாம்னு நான் நினைக்கிறேன், வெறும் தூக்கு மிதவைன்னு போட்டா வேலை புரியும் ஆனா மண்டி போடுறது போயிடும், 'கப்பல் ஒட்டகம்'னு மட்டும் போட்டா படிக்கிறவங்க கப்பல்ல ஒட்டகம் ஏத்திட்டுப் போனாங்க போலன்னு நினைச்சுடுவாங்க.

கடைசியா ஒரே ஒரு விஷயம், எங்க தொழில் சம்பந்தப்பட்டது. ஒட்டகம் செத்துடுச்சுன்னு நினைக்காதீங்க. 2000ல ரஷ்யாவோட கூர்ஸ்க் நீர்மூழ்கி பாரன்ட்ஸ் கடல்ல மூழ்குச்சு, அடுத்த வருஷம் அக்டோபர்ல அதை தூக்கினது ரெண்டு டச்சு கம்பெனிங்க. பார்ஜுங்கிற ஒரு பெரிய தட்டைப் படகுக்கு அடியில நீர்மூழ்கியை தொங்க விட்டு இழுத்துட்டு வந்தாங்க, ஆனா டிரைடாக்குக்குள்ள (கப்பலை உள்ள விட்டு தண்ணியை வத்த வச்சு வேலை பாக்குற தொட்டி) நுழைய ஆழம் பத்தல, அப்ப ரெண்டு பெரிய மிதவையை கொண்டாந்து பார்ஜை நீர்மூழ்கியோட சேர்த்து தூக்கி உள்ள தள்ளினாங்க. பாக்கர் பண்ண அதே வேலை, ஒரு காலத்துல ரஷ்யாவுக்குப் போன அதே வேலை, இந்த தடவை டச்சுக்காரங்களே ரஷ்யாவுக்கு நேர்ல போயி செஞ்சாங்க. அந்த ரெண்டு கம்பெனியில ஒன்னோட பேரு மாமூட், டச்சுல அதுக்கு அர்த்தம் அழிஞ்சுபோன அந்த ரோமக்கார ராட்சச யானை.